வேலையிடத்தில் தொழிற்குழுமம்: தொடங்குகிறவர்களும் நடத்துகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ் என்கிறார்களே, அது என்ன?

ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள், அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதற்காகத் தொடர்ந்து கூடினால், அதுதான். ஐந்து ஆலைகளில் பம்ப் பராமரிக்கிற டெக்னீஷியன்கள், வெவ்வேறு வார்டுகளில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்ஸுகள், ஆளுக்கொரு ப்ராஜெக்ட்டில் மாட்டியிருக்கும் டெஸ்டர்கள், பல துறைகளில் பட்ஜெட் போடுகிறவர்கள். இவர்களுக்கு மேலதிகாரி வேறு வேறு, தலைவலி மட்டும் ஒன்று.

தமிழில் இதைச் செயல்முறைச் சமூகம், நடைமுறைச் சமூகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேச்சில் எதுவும் ஒட்டவில்லை. இங்கே தொழிற்குழுமம் என்கிறேன், சுருக்கமாகக் குழுமம்.

குழுமத்துக்கு மூன்று வேண்டும்: பேசுவதற்கு ஒரு பொருள், ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள், அவர்கள் சேர்ந்து வளர்த்துக்கொள்ளும் கைப்பக்குவம். பொருள் மட்டும் இருந்தால் அது சொற்பொழிவு. ஆட்கள் மட்டும் இருந்தால் அரட்டை. அரட்டையும் நல்லதுதான், ஆனால் அதற்கு ஆபீஸ் நேரம் கேட்க முடியாது.

இது யார் கண்டுபிடித்தது?

கண்டுபிடித்தது யாரும் இல்லை. பெயர் வைத்தவர்கள் உண்டு. மானுடவியலாளர் ஜீன் லேவும், கற்றலை ஆராய்ந்த எட்டியென் வெங்கரும் 1991இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேலை எப்படிப் படிகிறது என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் லைபீரியாவின் தையல்காரர்கள் உண்டு, மெக்சிகோவின் யுகடான் பகுதி மருத்துவச்சிகளும் உண்டு. அந்தத் தையல் பட்டறையில் புதுப்பையன் பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசிக்கட்ட வேலையில்தான் தொடங்குவான். பிறகு தையல், அதற்கும் பிறகுதான் துணி வெட்டுவது. பட்டனைத் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். யாரும் பாடம் எடுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து உருப்படியான சின்ன வேலை செய்துகொண்டே, நடுவில் நடப்பதைப் பார்த்துப் பார்த்துத் தேறுகிறான்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜூலியன் ஓர் என்ற ஆய்வாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் பழுதுபார்க்கும் ஆட்களோடு சுற்றினார். கையேடு ஒரு பக்கம் இருக்க, அவர்கள் சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும் 'அன்றைக்கு ஒரு மெஷின் என்ன பண்ணிச்சு தெரியுமா' என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையேட்டில் இல்லாத பழுதுகளை அந்தக் கதைகள்தான் தீர்த்தன. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப்பேச்சு. அந்தப் பேச்சை வெட்டினால் மெஷின் ஓடாது.

டீம் இருக்கிறது, ப்ராஜெக்ட் குழு இருக்கிறது, வாட்ஸ்அப் குழு வேறு இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

டீமுக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கும். ப்ராஜெக்ட் குழு தேதி வந்ததும் கலைந்துவிடும், கற்றதும் அதோடு கலையும். வாட்ஸ்அப் குழு அவசரத்துக்கு உதவும். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒருவர் போட்ட அருமையான பதில் வெள்ளிக்கிழமைக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகும்.

சில இடங்களில் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. நாலு பேர் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுதான் குழுமம், பெயர் மட்டும் வைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்து நேரமும் இடமும் வாங்கிக் கொடுப்பது, வெறும் தரையில் ஒன்றைக் கட்டுவதைவிடப் பல மடங்கு சுலபம்.

சரி, தொடங்க முதல் கருவி எது?

ஒரு நோட்டும் ஃபோனும்.

இதை நான் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். நான் முதலில் தொடங்கிய குழுமத்துக்கு லோகோ இருந்தது, பெயர் வைக்கும் போட்டி நடந்தது, தொடக்க விழாவில் பெரிய அதிகாரி பேசினார். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் நான் ஒருவன், இன்னொருவர் ப்ரொஜெக்டர் மாட்ட வந்தவர்.

இரண்டாம் முறை விழாவே கிடையாது. பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்த்தேன், ஆளுக்கு அரை மணி நேரம். கேட்டது மூன்றே கேள்வி. கடைசியாக எந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழித்தீர்கள்? அப்போது யாரைக் கேட்டீர்கள்? உங்களிடம் யார் வந்து, எதைப் பற்றிக் கேட்கிறார்கள்? 'உங்களுக்கு என்ன பயிற்சி தேவை' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்புகிற மாதிரி ஒரு பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி, யார் யாரைக் கேட்கிறார்களோ அப்படி அம்புக்குறி போட்டேன். நான் பெரிய ஆள் என்று நினைத்தவர்கள் பக்கம் அதிக அம்பு போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றப்பட்டிருந்த ஒரு பழைய ஃபிட்டர் பெயர் மேல் ஆறு அம்பு விழுந்திருந்தது. அவர் என் பட்டியலிலேயே இல்லை. அவர் வரச் சம்மதித்த பிறகுதான் மற்றவர்கள் நம்பி வந்தார்கள்.

நோக்க அறிக்கை, விதிமுறை எல்லாம் எழுத வேண்டுமா?

ஒரு பக்கம் போதும். பத்துப் பக்கம் எழுதினால் எழுதியவர் மட்டும்தான் படிப்பார். முக்கியமாக, எழுதும்போது தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். முதல் ஐந்தாறு பேர் சேர்ந்து பேசி, அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். எங்களுடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

'சுழலும் இயந்திரங்களைப் பராமரிக்கிற நாங்கள், திரும்பத் திரும்ப வரும் பழுதுகளைப் பற்றி மட்டும் பேசுவோம். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். யார் வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். இங்கே சொன்ன தப்பை வெளியே சொல்லக் கூடாது, இங்கே கற்ற வழியை வெளியே சொல்லலாம். ஆறு மாதம் கழித்துத் தொடர்வதா என்று நாங்களே முடிவு செய்வோம்.'

கடைசிக்கு முந்தைய வரிதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் எல்லோரும் வெற்றிக்கதை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தரம்', 'புதுமை', 'தலைமைப் பண்பு' என்று அகலமாக வைக்காதீர்கள். அந்த மாதிரித் தலைப்பில் யாருக்கும் நாளைக் காலை வேலைக்கு உதவுகிற பேச்சு வராது. 'திரும்பத் திரும்ப வரும் பழுது' என்றால் ஆள் உடனே தன் மெஷினை நினைத்துக்கொள்வார்.

மேலதிகாரியிடம் எப்படி அனுமதி கேட்பது?

பணம் கேட்காமல் நேரம் கேளுங்கள். 'பன்னிரண்டு பேர், மாதம் ஒரு மணி நேரம், ஆறு மாதம்' என்று கணக்காகச் சொன்னால் மறுப்பது கஷ்டம். கூடவே மூன்று வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரம் வேலை நேரமாகக் கருதப்படும், யார் என்ன சொன்னார்கள் என்று அறிக்கை கேட்க மாட்டார், வேறு துறையின் கதவைத் தட்ட வேண்டி வந்தால் கூட வருவார். இந்த மூன்றாவதுதான் அவரால் மட்டுமே முடிந்த உதவி. மற்றதெல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்தில் என்ன செய்வது?

ஒருவருடைய உண்மையான பிரச்சினையை மேசைமேல் வையுங்கள். அறிமுகம், வரலாறு, குழுமம் ஏன் முக்கியம் என்ற ஸ்லைடு எதுவும் வேண்டாம். நான் பயன்படுத்துவது ஒரு மணி நேர முறை. அதை எங்கள் முதல் கூட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம், பிரச்சினைக்காரர் பேசுவார். அன்றைக்கு ஒரு டெக்னீஷியன் சொன்னார்: 'ஒரே பம்பில் நாலு மாதத்தில் மூன்று சீல் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.' அவ்வளவுதான். (சீல் என்பது பம்பிலிருந்து திரவம் கசியாமல் அடைக்கும் பாகம். அலைன்மென்ட் என்பது பம்பின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே கோட்டில் இருப்பது.)

அடுத்த பதினைந்து நிமிடம், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். ஆலோசனை கூடாது. இதுதான் மிகக் கஷ்டமான பகுதி, ஏனென்றால் நமக்கெல்லாம் ஆலோசனை தொண்டையில் வந்து நிற்கும். 'நீ ஏன் அதைப் பண்ணலை' என்பது கேள்விக்குறி போட்ட ஆலோசனை, அதை நிறுத்த வேண்டும். அன்றைக்கு எல்லோரும் சீல் எந்த மேக், திரவம் என்ன, சூடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டோரிலிருந்து வந்த பழைய ஃபிட்டர் மட்டும் மெதுவாக, 'தம்பி, அலைன்மென்ட் பார்த்தது குழாயை மாட்டுவதற்கு முன்னாலயா, மாட்டினதுக்கு அப்புறமா?' என்றார். டெக்னீஷியன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த இருபது நிமிடம், பிரச்சினைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குறிப்பு மட்டும் எடுப்பார். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாத மாதிரித் தங்களுக்குள் பேசுவார்கள். இது முதலில் சிரிப்பாக இருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே பேசினால் அவர் ஒவ்வொன்றுக்கும் 'அதைப் பண்ணிப் பார்த்துட்டேன்' என்று தடுப்பார். திரும்பி உட்கார்ந்தால் காதில் விழும்.

பிறகு பத்து நிமிடம் அவர் திரும்பி, எதைச் செய்து பார்க்கப் போகிறார் என்று சொல்வார். அன்றைக்குச் சொன்னது: 'டயல் கேஜைக் கப்ளிங் பக்கம் வைத்துவிட்டு ஃபிளாஞ்ச் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறேன். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் குழாய்தான் பம்பை இழுக்கிறது.' (டயல் கேஜ் மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் கருவி. கப்ளிங் மோட்டாரையும் பம்பையும் இணைப்பது, ஃபிளாஞ்ச் குழாயைப் பம்போடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு.) கடைசிப் பத்து நிமிடத்தில் இதை எழுதி வைத்து, அடுத்த மாதம் யார் பிரச்சினை என்று முடிவு செய்து எழுந்துவிட்டோம்.

அடுத்த கூட்டம் தொடங்கியதும் அவரிடம்தான் முதலில் கேட்டோம். முள் நன்றாகவே நகர்ந்திருக்கிறது, குழாயைத் தாங்கும் சப்போர்ட் இறங்கியிருந்தது. இந்த ஐந்து நிமிடத் தொடர்ச்சியை ஒருநாளும் விடாதீர்கள். போன மாதம் பேசியது என்ன ஆனது என்று கேட்காத குழுமத்தில் யாரும் அடுத்த மாதம் மனதைத் திறக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மாதமும் இதே முறையா? அலுக்காதா?

அலுக்கும். மூன்று நாலு கூட்டம் இதே முறையில் ஓடட்டும், பழகினபின் மாற்றுங்கள்.

பேச ஒரே விஷயம் இல்லாமல் ஆளுக்கொன்று வைத்திருந்தால் லீன் காபி நல்லது. 2009இல் சியாட்டிலில் தொடங்கிய முறை. ஆளாளுக்குச் சிறு காகிதத்தில் விஷயத்தை எழுதி ஒட்டி, வாக்குப் போட்டு, அதிக வாக்கு வாங்கியதை முதலில் எடுப்பார்கள். சில நிமிடம் ஓடியதும் மணி அடிக்கும். தொடரலாமா என்று கட்டைவிரல் காட்டிக் கேட்டு, வேண்டாம் என்றால் அடுத்ததுக்குப் போய்விடலாம்.

பெரிய வேலை ஒன்றை ஒருவர் தொடங்கப்போகிறார் என்றால், ஏற்கெனவே அதைச் செய்தவர்களை அரை நாள் வரவழைப்பது பியர் அசிஸ்ட். 1990களில் பிபி எண்ணெய் நிறுவனத்தில் இது புகழ்பெற்றது. வேலை முடிந்த பிறகு பார்ப்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ. அதில் நாலு கேள்விதான்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த தடவை என்ன செய்வோம். இதில் நம் ஆட்கள் வழுக்கும் இடம் மூன்றாவது கேள்வி. 'ஏன்' என்பது ஒரு நொடியில் 'யார்' ஆகிவிடும். நடத்துகிறவர் கண் அங்கேயே இருக்க வேண்டும்.

கூட்டம் பெரிதாகி நாலு பேர் மட்டுமே பேசினால், முதலில் ஒரு நிமிடம் தனியாக யோசித்து எழுதச் சொல்லுங்கள், பிறகு இருவராக, பிறகு நால்வராக, கடைசியில் எல்லோரும். இரண்டு பேரிடம் சொல்லி ஒத்திகை பார்த்த ஆள் இருபது பேரிடம் சொல்லத் தயங்க மாட்டார்.

எந்த மென்பொருள் வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு. இந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே வந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

குழுமத்துக்கு இடம் மூன்று தேவை: அவசரமாகக் கேட்க ஒன்று, எழுதியதைத் தேடி எடுக்க ஒன்று, முகம் பார்த்துப் பேச ஒன்று. இந்த மூன்றும் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருக்கும். டீம்ஸோ, ஸ்லாக்கோ, மின்னஞ்சலோ, ஒரு பொதுக் கோப்புறையோ, ஆட்கள் தினமும் எதைத் திறக்கிறார்களோ அதற்குள்ளேயே இருங்கள். புதிதாக ஒரு கடவுச்சொல் என்றாலே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். தரையில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரே கையில் இருக்காது, அவர்களுக்கு ஃபோன் கேமராவும் குரல்பதிவும்தான் மென்பொருள். பழுதான பாகத்தின் ஒரு படம், நாற்பது நொடி குரல். இதைவிடச் சிறந்த அறிக்கையை நான் அதிகம் பார்த்ததில்லை.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை கூடுவது?

மாதம் ஒரு முறை என்றால் பேச்சு ஆறாது, சுமையும் ஆகாது. நாளை மாற்றாதீர்கள். 'மாதத்தின் இரண்டாவது புதன், மூன்று மணி' என்றால் அது நிரந்தரம். மூன்று பேர்தான் வருவார்கள் போலிருந்தால் மூன்று பேரோடு நடத்துங்கள். ஒரு முறை ரத்து செய்தால், அடுத்த முறை நீங்கள் ரத்து செய்ய வேண்டியதே இருக்காது, அவர்களே செய்துவிடுவார்கள்.

பாதிக்கு மேல் ஆட்கள் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். எந்தக் குழுமத்திலும் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேர் அச்சாணி, இன்னொரு பதினைந்து இருபது சதவீதம் அவ்வப்போது கைகொடுப்பவர்கள், மீதிப்பேர் ஓரத்தில் இருப்பார்கள் என்று வெங்கரும் அவரோடு எழுதியவர்களும் 2002இல் சொன்னார்கள். இணையக் குழுக்களில் இன்னும் மோசம். நூறு பேரில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்பது இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்ன கணக்கு.

பட்டன் தைத்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருப்பது சோம்பல் அல்ல, அதுதான் நுழைவாயில். வட்டமாக உட்கார வைத்து 'நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க' என்று துரத்தினால் அடுத்த முறை வர மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். நேரம் பார்ப்பது, போர்டில் எழுதுவது, படத்தைச் சேமித்து வைப்பது. வாய் தானாகத் திறக்கும்.

ஆனால் ஒரு விஷயம். எப்போதும் பேசுகிறவர் திடீரென்று மௌனமானால் அது வேறு கதை. அவருக்கு அன்றைக்கே ஃபோன் போடுங்கள்.

நடத்துகிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டுமா?

வேண்டாம், இல்லாமல் இருப்பதே நல்லது. நிபுணர் நடத்தினால் ஒவ்வொரு கேள்வியும் அவரைப் பார்த்தே வரும், அவரும் பதில் சொல்லிவிடுவார், கூட்டம் வகுப்பறையாகிவிடும். தொழில் தெரிந்திருக்க வேண்டும், பேச்சு புரிய வேண்டும், ஆட்கள் மதிக்க வேண்டும். அதற்கு மேல், தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்காரும் பொறுமை. இது எல்லோருக்கும் வருவதில்லை. எனக்கு வர ஒரு வருடம் ஆனது.

அப்படியானால் அவர் வேலைதான் என்ன? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதல் ஆறு மாதம் வாரத்துக்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கூட்டம் நடத்துவது சின்னப் பங்கு. பெரிய பங்கு இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், வெளியே தெரியாத வேலை. யாருக்கு எது தெரியும் என்று நினைவு வைத்துக்கொண்டு இவரை அவரோடு கோத்துவிடுவது.

பொதுவாக 'அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று ஓர் அழைப்பு போகும். அதை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை. நான் தனித்தனியாக அனுப்புவது இந்த மாதிரி இருக்கும்: 'சார், வணக்கம். போன மாதம் இரண்டாவது யூனிட்டில் பேரிங் சத்தத்தை நீங்கள் கண்டுபிடித்ததைக் கேள்விப்பட்டேன். இந்தப் புதன்கிழமை ஒரு பெண் அதே மாதிரிச் சத்தத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார். நீங்கள் ஒன்றும் தயாரிக்க வேண்டாம், சும்மா வந்து கேட்டால் போதும்.' இதை எழுத மூன்று நிமிடம் ஆகும். ஆள் வந்துவிடுவார். வந்தால் சும்மா இருக்கவும் மாட்டார்.

இந்த வேலை எழுதப்பட்ட பொறுப்பாக இல்லாவிட்டால், வேலைச் சுமை ஏறும் முதல் மாதத்திலேயே நின்றுபோகும். அதனால் அந்த அரை நாளை மேலதிகாரியிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய அதிகாரி தானும் கூட்டத்துக்கு வருகிறேன் என்கிறார்.

ஆர்வம் நல்லதுதான். ஆனால் அவர் உட்கார்ந்தால் அறையில் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும், தப்பு எதுவும் வெளியே வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடைசி அரை மணி நேரம் அழையுங்கள், உறுப்பினர்களே தாங்கள் தீர்த்த ஒன்றைக் காட்டட்டும். வந்தே தீருவேன் என்றால் அவருடைய பழைய தப்பு ஒன்றை முதலில் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, இதற்குச் சம்மதிக்கிற அதிகாரி உள்ளே இருப்பதால் கெடுதல் இல்லை.

அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்க மறுக்கிறார்களே?

மறுப்பு என்று நாம் நினைப்பது பல சமயம் வேறொன்று. சிலருக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் தன்னை வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம், அது காரணமில்லாத பயமும் அல்ல. சிலர் ஒருமுறை சொல்லி, வேறொருவர் அதைத் தன் பெயரில் காட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள். இன்னும் சிலருக்கு எழுதச் சொன்னால்தான் எரிச்சல், பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவார்கள்.

ஆகவே 'உங்கள் அறிவைப் பகிருங்கள்' என்று கேட்காதீர்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, 'அண்ணே, இது எதனால இப்படித் தேஞ்சிருக்கு?' என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அடியில் அவர் பெயரைப் போட்டு அவரிடமே காட்டுங்கள்.

பேசியதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. கூட்டக் குறிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பிரச்சினைக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள்: பார்த்த அறிகுறி, செய்து பார்த்தும் பலிக்காதது, பலித்தது, இதைப் பற்றிக் கேட்க யாருக்கு ஃபோன் போடுவது, தேதி. பலிக்காததை எழுதுவதை விடாதீர்கள், அடுத்த ஆளுக்கு அதுதான் ஒரு நாளை மிச்சப்படுத்தும். தலைப்பையும் மெஷின் நிற்கும்போது ஆள் எந்த வார்த்தையில் தேடுவாரோ அந்த வார்த்தையில் வையுங்கள். 'இயந்திர முத்திரை செயலிழப்புப் பகுப்பாய்வு' என்று வைத்தால் ஆயுளுக்கும் யார் கண்ணிலும் படாது. 'சீல் திரும்பத் திரும்ப லீக்' என்று வையுங்கள்.

ஜெராக்ஸில் 1990களில் யுரேகா என்ற பெயரில் பழுதுபார்ப்போரின் குறிப்புகளைத் தொகுத்தார்கள். குறிப்பை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், சக டெக்னீஷியன்கள் சரிபார்த்த பிறகே உள்ளே போகும், எழுதியவர் பெயர் கூடவே இருக்கும். சரிபார்த்தது சக தொழிலாளிகள் என்பதால்தான் படித்தவர்கள் நம்பினார்கள்.

பலனை எப்படி அளப்பது? எண்ணிக்கை கேட்கிறார்கள்.

வந்தவர் எண்ணிக்கை, பதிவு எண்ணிக்கை எல்லாம் எடுக்கச் சுலபம், அதனாலேயே ஆபத்து. எண்ணத் தொடங்கினால் ஆட்கள் எண்ணுக்காக வேலை செய்வார்கள், உப்புச்சப்பில்லாத பதிவுகள் பெருகும்.

நான் கொடுப்பது கதை, ஆனால் சங்கிலியாகக் கோத்த கதை. கூட்டத்தில் இன்ன கேள்வி வந்தது. அதனால் இவருக்கு இன்ன யோசனை கிடைத்தது. அதைத் தன் இடத்தில் செய்து பார்த்தார். அதனால் அந்தப் பம்ப் அதற்குப் பிறகு நிற்கவில்லை. நாலு கண்ணியும் இருக்க வேண்டும், கடைசிக் கண்ணிக்கு எண் இருந்தால் அதை அந்த வேலைக்காரரே சொல்ல வேண்டும், நாம் ஊதிப் பெரிதாக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு இப்படி இரண்டு கதை கிடைத்தால் ஒரு மேலதிகாரிக்குப் போதும். போதாது என்கிறவருக்கு இருபது கிராஃப் போட்டாலும் போதாது.

நன்றாகப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு?

பணம் வேண்டாம். பெயர் போதும், அதைச் சரியான எழுத்தில் போடுங்கள்.

ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது, சிலர் வேறு நாட்டில் இருக்கிறார்கள். எல்லோரையும் எப்படிக் கூட்டுவது?

எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டவே முடியாது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு நேரத்தில் நடத்தலாம், முதல் கூட்டத்தின் குறிப்பு இரண்டாவதற்குப் போகும். நேர வித்தியாசம் இருந்தால் அகால நேரத்தில் விழித்திருக்கும் முறையை மாற்றி மாற்றிப் போடுங்கள், எப்போதும் ஒரே ஊர்க்காரர்கள் கண்விழித்தால் அவர்கள் இரண்டாந்தர உறுப்பினர்கள் ஆகிவிடுவார்கள். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் திரையிலும் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். அறையில் இருப்பவர்களும் தனித்தனித் திரையில் வந்துவிட்டால் எல்லோரும் சமம்.

ஒரு குழுமத்தை எப்போது மூடுவது?

'இந்த மாதம் யார் பிரச்சினை?' என்ற கேள்விக்கு இரண்டு மாதம் தொடர்ந்து பதில் வராவிட்டால், வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். சில சமயம் பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்திருக்கும், அது நல்ல சாவு. சில சமயம் தலைப்பை மாற்றினால் மூச்சு வரும். இழுத்துக்கொண்டே போவதுதான் கூடாது. மூடும்போது அந்த ஒரு பக்கக் குறிப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் முடிவு செய்துவிட்டு மூடுங்கள்.

நான் வேறு வேலைக்குப் போகிறேன். என்னோடு இதுவும் போய்விடுமோ?

நீங்கள் கிளம்பும் வாரத்தில் யோசித்தால் போய்விடும். குழுமம் தொடங்கிய ஆறாவது மாதத்திலிருந்தே கூட்டத்தை வேறு வேறு ஆட்கள் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். அவர்கள் சொதப்பும்போது எழுந்து ஓடாதீர்கள்.

கைமாற்றும்போது கோப்புறையையும் அழைப்புப் பட்டியலையும் எல்லோரும் கொடுப்பார்கள். அதோடு அந்த நோட்டையும் கொடுங்கள். இவருக்குக் காலையில் ஃபோன் போட்டால் பிடிக்காது, அவரும் இவரும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது, இந்தப் பெண்ணுக்கு அதிர்வு அளப்பதில் அபார ஞானம் ஆனால் கேட்டால்தான் சொல்வார் என்று நீங்கள் ஓரத்தில் கிறுக்கி வைத்திருப்பீர்களே, அது. யாரையும் புண்படுத்துகிற வரி இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அதை மட்டும் வாயால் சொல்லுங்கள்.